புதுப்பிப்பு: கையொப்பச் சேவை வந்ததும் மெயில் ஸ்பேமுக்குப் போன பிரச்சினை தீர்ந்தது

மெயிலின் அடியில் பெயரும் லோகோவும் சேர்க்கும் கையொப்பச் சேவை ஒன்றை இணைத்ததிலிருந்து எங்கள் மெயில்களில் டிகிம் (DKIM, அனுப்பும் டொமைன் மெயிலில் இடும் டிஜிட்டல் முத்திரை) தோற்கிறது, பாதி ஸ்பேமுக்குப் போகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதலில் ஹெடரைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. பாடி ஹேஷ் (மெயில் உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி) பொருந்தவில்லை என்று மெயிலோடு வரும் அந்தத் தொழில்நுட்பத் தகவலிலேயே இருந்தது. எங்கள் சர்வர் டிகிம் கையெழுத்துப் போட்ட பிறகு, சேவையின் சர்வர் அடியில் பெயரையும் லோகோவையும் ஒட்டி, அங்கிருந்தே வெளியே அனுப்பியிருக்கிறது. முத்திரை வைத்த உறையைப் பிரித்து இரண்டு வரி சேர்த்த கதைதான்.

எஸ்பிஎஃப் (SPF) என்பது எங்கள் பெயரில் மெயில் அனுப்ப அனுமதியுள்ள சர்வர்களின் பட்டியல், டிஎன்எஸ்-இல் இருக்கும். அதில் சேவையின் சர்வர்களைச் சுட்டும் இன்க்ளூட் வரியைச் சேர்க்கும் யோசனையை முதலில் செய்தேன். நிலைமை இன்னும் மோசம்! எஸ்பிஎஃப் சரிபார்ப்பில் டிஎன்எஸ் தேடல்களுக்கு வரம்பு 10. எங்களுடையது 11 ஆகி பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை). எப்போதோ கைவிட்ட செய்திமடல் சேவையின் வரி அங்கேயே கிடந்தது. அதை நீக்கியதும் எஸ்பிஎஃப் தேறியது. ஆனாலும் பெறுபவர் ஃபார்வர்டு செய்தால் அது பெரும்பாலும் தோற்றுவிடும், டிகிம் இல்லாமல் ஆகாது.

கடைசியில் வேலை செய்தது இது: கையொப்பம் சேர்ந்த மெயிலை எங்கள் சர்வருக்கே திரும்ப வரவழைத்து, அங்கே டிகிம் போட்டு வெளியே அனுப்புவது. திரும்பி வந்ததை மறுபடி சேவைக்கு அனுப்பாதபடி ஒரு விதி அவசியம், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். டிமார்க் (DMARC, எஸ்பிஎஃப் அல்லது டிகிம் அனுப்புநரின் டொமைனோடு பொருந்தித் தேறுகிறதா என்ற சோதனை) இப்போது பாஸ். அந்த இன்க்ளூடும் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன். தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பாலிசியைத் தளர்த்தச் சிலர் சொன்னதை மட்டும் நான் தொடவே இல்லை.

எதிர்பாராத ஒன்று: எஸ்மைம் (S/MIME, அனுப்புபவரே மெயிலுக்கு இடும் டிஜிட்டல் கையெழுத்து) உள்ள மெயில்கள் இந்த ஏற்பாட்டிலும் உடைந்தன, அந்தக் கையெழுத்து சேவைக்குப் போகும் முன்பே போடப்படுவதால். அவற்றுக்குச் சேவையையே விலக்கிவிட்டேன்.