பதில்: ஊப்ஸ் = ‘இடறல்’, பேனிக் = ‘விழுகை’ (சரியா?)

நண்பர்களுக்கு வணக்கம். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பழுதாகும்போது வரும் ஊப்ஸ், பேனிக், ஹேங் என்ற மூன்று நிலைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஊப்ஸ், பேனிக், ஹேங் மூன்றுக்கும் ‘செயலிழப்பு’ போதுமே. பொருள் புரிந்தால் சரிதானே?

புரியாது என்பதுதான் என் கவலை. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை. குளிர் அறையின் வெப்பநிலையை அனுப்பும் சின்ன லினக்ஸ் போர்டு அங்கே அடிக்கடி நின்றுவிடுகிறது. கோளாறு ஈதர்நெட் இயக்கியில் (வலை வன்பொருளை ஓட்டும் டிரைவர் நிரல்). அங்குள்ள எலக்ட்ரீஷியன் தம்பி போனில் “படுத்துடுச்சுண்ணா” என்பார். தருமபுரியில் இருக்கும் நான் அடுத்து என்ன சொல்வது? சீரியல் கேபிளை (போர்டின் செய்திகளை நேரே படிக்க உதவும் கம்பி) மாட்டச் சொல்வதா, பவரை நிறுத்திப் போடச் சொல்வதா? தவறாகச் சொன்னால் நினைவகத்தில் இருக்கும் பழுதுப் பதிவு அழிந்துபோகும். மூன்றும் வெவ்வேறு நிலை, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஊப்ஸ் வந்தால் கெர்னல் சாவதில்லை. நல் பாயிண்டரை (எங்கும் சுட்டாத நினைவக முகவரி) தொட்டது போன்ற பிழை செய்த அந்த ஒரு பணியை மட்டும் கொன்றுவிட்டு, மற்றதை ஓட்டப் பார்க்கிறது. பேனிக் என்றால் மொத்தமும் நின்றது. மறுதொடக்க நேரம் கொடுத்து வைக்காவிட்டால் அப்படியே நிற்கும். இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு தொடர் இருக்கிறது: இடறி விழுதல். இடறியவர் எல்லோரும் விழுவதில்லை. அதனால் ஊப்ஸ் ‘இடறல்’, பேனிக் ‘விழுகை’. சென்ற வாரம் இவற்றுக்கு முன்மொழியப்பட்ட ‘ஐயோ’வும் ‘பீதி’யும் ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்கின்றன, நடப்பதைச் சொல்லவில்லை. ‘படுத்துடுச்சு’ நல்ல பேச்சுதான், ஆனால் பெயராக்கினால் படுக்கை, படுகை என்று எங்கோ போய்விடுகிறது.

வலை இயக்கிகளில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். பாக்கெட் வாங்கும் வேலை பெரும்பாலும் இன்டரப்ட் (வன்பொருள் தரும் குறுக்கீடு) வந்த கையோடு நடக்கிறது. அங்கே இடறினால் கொல்வதற்குத் தனிப் பணி கிடையாது. ‘ஃபேட்டல் எக்ஸெப்ஷன் இன் இன்டரப்ட்’ என்று எழுதிவிட்டு நேராக விழுகைதான். அதையே ஐபி (ip, வலை இணைப்பை அமைக்கும்) கட்டளை கொடுத்து இணைப்பை ஏற்றும்போது இடறினால், அந்தப் பணி சாகும், ஆனால் அது பிடித்திருந்த பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு பணிக்கு மட்டும் வழிவிடுவது) திறக்காது. அடுத்து வரும் ஐபி கட்டளைகள் பூட்டின் முன்னால் காத்துக் கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் இதை ஹேங் (நகராமல் நிற்பது) என்பார். வேர் என்னவோ முன்னால் நடந்த இடறல். எல்லாவற்றுக்கும் ‘செயலிழப்பு’ என்று எழுதிய கையேட்டில் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

பதிவில் ஊப்ஸ் வரியோடு [#1] என்று ஓர் எண் வரும். முதல் இடறல்தான் நமக்கு வேண்டும். #2, #3 பெரும்பாலும் அதன் பின்விளைவு. ‘முதல் இடறலை எடுத்து அனுப்பு’ என்றால் தம்பிக்கு உடனே விளங்கும். அந்தப் பதிவை வலை வழியே அனுப்பும் நெட்கன்சோலை நம்ப வேண்டாம், இடறியதே வலையின் இயக்கி. சீரியல் கேபிள், இல்லாவிட்டால் ராம்ஊப்ஸ் (மறுதொடக்கத்துக்குப் பின்னும் படிக்கும்படி பதிவை நினைவகத்தில் வைப்பது).

> இடர் மேலாண்மையோடு குழம்பாதா?

நியாயமான கேள்வி. எழுத்தில் ர, ற வேறுபாடு காப்பாற்றும். பேச்சில் அந்த அளவு காப்பாற்றாது. ஆனால் நாம் பெரும்பாலும் வினையாகத்தான் பயன்படுத்துவோம்: ‘இயக்கி இடறியது’, ‘இடறி விழுந்தது’. இடர் அப்படி வினையாக வராது.

‘டிரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்’ என்ற எச்சரிக்கையை இதில் சேர்க்க வேண்டாம். அது இடறலும் அல்ல, விழுகையும் அல்ல. அனுப்பு வரிசை நகரவில்லை என்று கெர்னல் கவனித்துச் சொல்வது. ‘அனுப்பு வரிசைத் தேக்கம்’ எனலாம்.

ஹேங்குக்கு ‘உறைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘தொங்கல்’ வேண்டவே வேண்டாம். ‘முடக்கம்’ என்று முன்மொழிந்த ஓசூர் அம்மா, ஒரு பதிவை முழுதாக அந்தச் சொல்லோடு எழுதிக் காட்டினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.