பின்னாடி ‘டொக்’குன்னு சத்தம், கிராஸ் மாத்தியும் போகல. அவசரம்

மானாவாரி
வணக்கம். வண்டியில பின்பக்கம் ‘டொக்’குன்னு ஒரு சத்தம். ரெண்டு மெக்கானிக் பாத்தாச்சு, கிராஸ் (பின் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோற ஜாயிண்ட் ராடோட மூட்டு) புதுசு போட்டாச்சு, அப்படியேதான் இருக்கு. நாளைக்கு விடியக்காலைல லோடு ஏத்தணும். என்னவா இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்பேனர்14
என்ன வண்டி, எந்த வருசம்? சத்தம் எப்ப வருது? பள்ளத்துல இறங்கும்போதா, கிளட்ச் விடும்போதா, பிரேக் புடிக்கும்போதா? ஒரு தடவையா, தொடர்ந்தா? இதைச் சொல்லாம யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

ஓமலூரான்
ஷாக் அப்சார்பர் புஷ்தான். கீழ் கண்ணுல (வளையத்துல) இருக்கற ரப்பர் தேஞ்சா இப்படித்தான் தட்டும். மலிவு சாமான், ரெண்டு பக்கமும் மாத்திடுங்க.

டபுள்கிளட்ச்
மாட்டு வண்டியும் வண்டிதான். கிராஸ் மாத்துனேன்னு சொன்னதால ரியர் வீல் டிரைவ், பின் சக்கரத்துல இழுக்கற வண்டின்னு நாங்களா ஊகிக்க வேண்டியிருக்கு. கேள்வி கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. ஓமலூரான், எந்தச் சத்தத்துக்கும் ஷாக் புஷ்னு சொல்றத எப்ப விடுவீங்க?

மானாவாரி
மன்னிக்கணும். பொலீரோ, 2012. முதல் கியர்ல கிளம்பும்போது ஒரு தடவை டொக். ரிவர்ஸ்ல இருந்து முன்னாடி எடுத்தாலும் வருது. ஓட்டத்துல இல்ல.

கரிசல்மண்
அப்ப கிரவுன் பினியன்ல, அதான் பின் அச்சுக்குள்ள இருக்கற பல்சக்கர ஜோடியில, பிளே (ஆட்டம்) இருக்கலாம் அண்ணே. நியூட்ரல்ல போட்டு, முன் சக்கரம் ரெண்டுக்கும் கட்டை வச்சு, ஹேண்ட்பிரேக் போட்டுட்டு ஜாயிண்ட் ராடைக் கையால முறுக்கிப் பாருங்க. பினியன் பிளாஞ்ச் (ராடு வந்து மாட்டுற தட்டு) லேசா ஆடுறது இயல்பு. ராடு மட்டும் ஆடி பிளாஞ்ச் ஆடலேன்னா கிராஸ். கிராஸ் கப்பைச் சுத்தி துருக்கலர்ல பொடி இருந்தா உள்ள ஊசி பேரிங் காஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஸ்லிப் யோக்ல (ராடு நீண்டு சுருங்கற சறுக்கு முனை) கிரீஸ் இல்லேன்னாலும் கிளம்பும்போதும் நிக்கும்போதும் ஒரு தட்டு வரும். கிரீஸ் அடிக்கற நிப்பிள் இருந்தா ரெண்டு மூணு பம்ப் அடிச்சுப் பாருங்க, செலவே இல்ல.

ஸ்பேனர்14
நல்லா சொன்னீங்க. மானாவாரி, இன்னும் ஒண்ணு. கிளட்சை முழுசா மிதிச்சுட்டு, 20 வேகத்துல பிரேக் புடிங்க. அப்பவும் சத்தம் வருதா? இதுக்குப் பதில் ரொம்ப முக்கியம்.

ஓமலூரான்
ஸ்டெப்னி, ஜாக்கி லூஸா இருக்கான்னும் பாத்துருங்க.

மானாவாரி
பாத்தேன். கிளட்ச் மிதிச்சு பிரேக் புடிச்சாலும் டொக்குங்குது. அப்பறம் கிளம்பினா திரும்ப ஒண்ணு. ஜாக்கி டைட்டாத்தான் இருக்கு. பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ரெண்டு பக்கமும் புதுசா செஞ்சதுதான், அதுல கோளாறு இருக்காது.

ஸ்பேனர்14
இதைத்தான் தம்பி முதல்ல சொல்லிருக்கணும்! பட்டை எப்ப செஞ்சீங்க? கூடுதலா பட்டை ஏத்துனாங்களா? பட்டையை அச்சோட சேத்துக் கட்டற யு போல்ட் புதுசா, பழசா?

மானாவாரி
மூணு வாரம் ஆச்சு. லோடு தாங்கறதுக்கு ஒரு பட்டை ஏத்துனாங்க. யு போல்ட் பழசுன்னு நெனைக்கறேன்.

ஸ்பேனர்14
அப்ப கிரவுனையும் கிராஸையும் மறந்துருங்க. கிளட்ச் மிதிச்சப்புறம் இன்ஜின் இழுவை ஜாயிண்ட் ராடுக்குப் போகாது. அப்பவும் தட்டுதுன்னா, ஹவுசிங்கே (பின் அச்சோட கூடு) பட்டை மேல நகருதுன்னு சந்தேகப்படணும். கிளம்பும்போது ஒரு பக்கம், பிரேக்ல எதிர்ப்பக்கம்.

ஒரு பட்டை ஏறுனா கட்டு அவ்வளவு தடிமன் கூடும். நட்டுக்கு வெளியே ரெண்டு மூணு மரையாவது தெரியணும், பழைய யு போல்ட்டுல நீளம் பத்தாம நட்டு பாதியிலேயே நின்னிருக்கும். பழைய போல்ட்டு ஏற்கெனவே இழுபட்டது வேற. புதுப் பட்டைக்கு நடுவுல இருக்கற பெயிண்டும் துருவும் ஓட ஓட நசுங்கும், பிடி தளரும். ஹவுசிங்கைப் பிடிச்சு நிறுத்துறது யு போல்ட்டோட இறுக்கம். அது போச்சுன்னா பாரம் முழுக்க பட்டைங்களை நடுவுல கோத்திருக்கற சென்டர் போல்ட்டு மேல விழும், கட் ஆகும்.

செக் பண்ணுறது இப்படி: பட்டையோட முன் கண்ணு (நுனி வளையம்) போல்ட்டுல இருந்து ஹவுசிங் குழாய் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். யு போல்ட் பக்கத்துல பளபளன்னு உரசின தடம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

கரிசல்மண்
ஒருத்தர் ஹேண்ட்பிரேக் போட்டு முதல் கியர்ல கிளட்ச் லேசா விட்டா, பக்கத்துல நிக்கறவருக்கு ஹவுசிங் முறுக்கறது தெரியுமே?

டபுள்கிளட்ச்
தெரியாது. ஹேண்ட்பிரேக் பின் டிரம்ல புடிக்குது, அந்த டிரம் பிளேட் ஹவுசிங்லயே மாட்டியிருக்கு. சக்கரத்துக்குப் போற முறுக்கை பிரேக் திரும்ப ஹவுசிங்குக்கே குடுத்துரும், ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அதுல கிராஸ் பிளே தெரியும், பட்டை நகர்வு தெரியாது. ஹேண்ட்பிரேக் இல்லாம பின் சக்கரத்துக்கு முன்னால கட்டை வச்சு முட்ட விடணும். பாக்கறவர் பக்கவாட்டுல தள்ளி நிக்கணும். அடியிலயும் போகக்கூடாது, முன்னாலயும் நிக்கக்கூடாது.

கரிசல்மண்
சரிதான், ஒத்துக்கறேன்.

ஓமலூரான்
பட்டைக்கு நடுவுல பழைய இன்ஜின் ஆயில் அடிச்சா பாதிச் சத்தம் போயிரும்.

டபுள்கிளட்ச்
போறது கீச் சத்தம். இங்க கேக்கறது டொக். அதோட ஆயில் ஒழுகி கண்ணு புஷ், சாக்கிள் (பட்டை நுனியை சேஸோட சேக்கற ஆடு இணைப்பு) புஷ் ரப்பரை ஊற வச்சு கெடுக்கும். மண்ணும் ஒட்டும்.

ஓமலூரான்
லாரிக்காரங்க காலங்காலமா அடிக்கறாங்க. அவங்களுக்குத் தெரியாததா?

கரிசல்மண்
நெறைய லாரியில புஷ் உலோகம், நிப்பிள் வச்சு கிரீஸ் அடிக்கறது. இது ரப்பர். ரெண்டும் ஒண்ணில்ல. அடிக்கணும்னா கட்டைப் பிரிக்கும்போது பட்டை நுனியில கிராஃபைட் கிரீஸ் தடவலாம், நடுவுல யு போல்ட் பிடிக்கற இடத்துல கூடாது.

ஓமலூரான்
ரப்பர் என்னிக்காவது எப்படியும் போகும். ஆயில் அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன.

ஸ்பேனர்14
ஆயில் சண்டைக்குத் தனி இழை போடுங்கப்பா. மானாவாரி, சென்டர் போல்ட் கட் ஆகியிருந்தா லோடு ஏத்தவே ஏத்தாதீங்க. ஹவுசிங் ஒரு பக்கம் பின்னால போனா வண்டி தானா இழுக்கும், பிரேக் ஹோஸும் இழுபடும். சரி பண்ணும்போது நாலு யு போல்ட்டும் புதுசு, நீளம் அளந்து வாங்கணும். சென்டர் போல்ட்டும் கூடுன தடிமனுக்கு நீளமா, தலை ஹவுசிங் மேடை ஓட்டையில ஆடாம உக்காரணும். நட்டை மூலைக்கு மூலை மாத்தி மாத்தி, மேனுவல்ல சொன்ன டார்க் (இறுக்கற முறுக்கு அளவு) வரைக்கும் படிப்படியா இறுக்கணும். கண்ணு போல்ட், சாக்கிள் போல்ட்டுக்கு வண்டி சக்கரத்துல நிக்கும்போதுதான் கடைசி இறுக்கம். தூக்கி வச்சே இறுக்குனா புஷ் முறுக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடுனதும் யு போல்ட்டை மறுபடி இறுக்கணும், இதைத்தான் பட்டறையில பெரும்பாலும் விட்டுர்றாங்க.

டபுள்கிளட்ச்
12 எம்எம் போல்ட்டுன்னா 80 நியூட்டன் மீட்டர் போதும்.

ஸ்பேனர்14
அது சாதாரண 8.8 கிரேடு (பலத் தரம்) போல்ட் டேபிள் கணக்கு. யு போல்ட்டுக்கு அந்த வண்டி மேனுவல்தான்.

மானாவாரி
இடது பக்கம் 11 எம்எம் வித்தியாசம். சென்டர் போல்ட் ரெண்டு துண்டு. லோடு வேற வண்டில போகுது. எல்லாருக்கும் நன்றி.

கரிசல்மண்
அண்ணே, வலது பக்கம் பிரிச்சுப் பாத்தீங்களா? அதே பழைய யு போல்ட்தானே அங்கயும்?

ஓமலூரான்
ஷாக் புஷ்ஷையும் அப்படியே பாத்துருங்க.