நுவரெலியாப் பக்கம் சதுப்பிலும் காட்டிலும் மவுண்டன் பைக்: எங்கே ஓட்டலாம்?

குளக்கட்டு ரைடர்:

வணக்கம். சொந்த ஊர் கிளிநொச்சி, வேலை கொழும்பில். எங்கள் ஊரில் மேடு என்றால் குளக்கட்டு மட்டும்தான், அதனால் மலையில் ஓட்டிப் பழக்கம் இல்லை. கையில் இருப்பது 29 அங்குலச் சில்லு ஹார்ட்டெயில். முன்பக்கம் மட்டும் சொக், 2.25 டயர், டியூப் போட்டது, ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்.

ஆகஸ்டில் நானும் ஒரு நண்பனும் நுவரெலியாவில் தங்கி ஹோர்ட்டன் சமவெளி, அம்பேவல, கந்தே எல பக்கம் ஓட்டலாம் என்று இருக்கிறோம். சதுப்பும் காடும் கலந்த பாதைதான் வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் சேற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார்களே, அந்த மாதிரி. அனுமதி எடுக்க வேண்டுமா? டயருக்கு எவ்வளவு காற்று? அட்டைக் கடிக்கு என்ன செய்வது? சைக்கிளைக் கோச்சியில், அதாவது ரயிலில், ஏற்ற விடுவார்களா?

பழைய பெடல்:

ஆகஸ்டில் நுவரெலியாவா? மழைக்கோட்டோடு தூங்கப் பழகிக்கொள்ளுங்கள். மீதியை லிந்துலை அண்ணன் சொல்வார். சைக்கிள் என்ற சொல்லைக் கண்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

லிந்துலைக்காரன்:

வந்துவிட்டேன்.

தம்பி, சேற்றைக் கிழிக்கிற ஆசையை முதலில் கைவிடுங்கள். எங்கள் மலையில் சதுப்புக்குள் ஓட்ட இடம் கிடையாது, ஓட்டவும் கூடாது. சதுப்பின் ஓரத்தில் ஓட்டுவதற்கு எவ்வளவோ இருக்கிறது.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போய்த் திரும்பும் 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதை நடக்கிறவர்களுக்கு மட்டும். பட்டிப்பொலவில் ஏறி ஒஹியாவில் இறங்கும் ரோட்டு பூங்காவுக்குள்ளேதான் போகிறது. அதில் சைக்கிளில் போக நினைத்தாலும் வாசலில் வனஜீவராசிகள் திணைக்களக்காரர்களிடம் கேட்டு, டிக்கெட் எடுத்துக்கொண்டு போங்கள். பையில் பொலித்தீன் இருந்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். உள்ளே போனபின் ரோட்டை விட்டுப் புல்லில் ஒரு சில்லுக்கூட இறங்கக் கூடாது.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கறுப்பு மண் முழுக்கப் பாதி மக்கிய புல்லும் வேரும். பஞ்சு மாதிரித் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அந்த மேட்டில் இருந்து தண்ணீர் போகிறது. டயர் ஒரு கோடு போட்டால் அடுத்த மழைக்கு அது ஒரு கான், அதாவது வாய்க்கால். தோட்டத்தில் கான் வெட்டியவனுக்குத் தெரியும், தண்ணீருக்கு ஒருதரம் வழி காட்டிவிட்டால் அது அந்த வழியைவிட்டு மாறாது. கான் ஆழமாக ஆக, பக்கத்துச் சதுப்பு காயும்.

அதுவும் போக, ஓட்டுகிறவனுக்கும் அதில் சுகம் இல்லை. மேலே பச்சையாகத் தெரியும், முன்சில்லு அச்சு வரைக்கும் இறங்கும், நீங்கள் ஹாண்டிலைத் தாண்டிப் போய் விழுவீர்கள். ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் சேற்றுத்தண்ணீர் போனால் பெயாரிங் செலவு வேறு. மேட்டு நிலத்தில் குட்டை மூங்கில் வரிசையாக நின்றால் அங்கே ஓடை இருக்கிறது, ஓரம் எல்லாம் ஈரம். அதைக் கண்டால் இறங்கி, கல் தெரிகிற இடமாகப் பார்த்துச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

ஓட்ட வேண்டிய இடம் கந்தே எலப் பக்கம். நுவரெலியாவில் இருந்து அம்பேவல போகிற வழியில் குளம், அதையொட்டிக் காடு, பைனஸ் மரங்கள், மண் பாதை. காட்டுக்குள் திரும்பும் முன் அங்கே இருக்கிற வன அலுவலர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பைனஸ் இலை விழுந்த பாதை மெத்தென்று இருக்கும், ஆனால் அடியில் ஈர வேர் ஒளிந்திருக்கும். வேருக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிட வேண்டும். வேர் மேல் சில்லு இருக்கும்போது பிரேக்கைத் தொட்டால் விழுந்ததுதான். வேரையும் கானையும் நேராகவே கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சில்லு வழுக்கிக்கொண்டு போகும். அம்பேவலயில் பண்ணைப் புல்வெளியைப் பார்த்து மயங்கி வேலி தாண்டாதீர்கள், அது மாட்டுக்கு.

என்னைக் கேட்டால் இந்த மலையில் சைக்கிளுக்கென்றே அமைந்தது தோட்டத்து லொறி ரோட்டுத்தான். கல் பதித்து, ஓரத்தில் கான் ஓடி, வளைந்து வளைந்து ஏறும். நிழல் விழுகிற வளைவில் கல்லில் பாசி இருக்கும், கவனம். தோட்டத்து ஒபிசிலோ காவல்காரரிடமோ சொல்லிவிட்டுப் போனால் தடுக்க மாட்டார்கள், சொல்லாமல் போனால் ஆயிரம் கேள்வி. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் லொறி வரும். கொழுந்து மூட்டையோடு வருகிற அம்மாமார் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நில்லுங்கள். மணியடித்து வழி கேட்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்தத் தோட்டத்திலும் ஒரு வாய்த் தேத்தண்ணீர் கிடைக்காது.

அட்டைக்கு, கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் செய்வதையே செய்யுங்கள். காய்ந்த சவர்க்காரத்தைக் கணுக்காலிலும் சொக்ஸ் மேலும் நன்றாகத் தேயுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள். நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளினால் கழன்றுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அதன் எச்சில் அப்படி, பயப்பட ஒன்றும் இல்லை.

காற்று: டியூப் போட்ட 2.25 டயர் என்கிறீர்கள். 70 கிலோ ஆளுக்கு முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்குங்கள். இன்னும் இறக்கினால் ஈர மண்ணில் பிடிப்பு கூடும், ஆனால் தோட்டத்துக் கல் டியூபை றிம்மோடு சேர்த்து நசுக்கிவிடும்.

குளக்கட்டு ரைடர்:

மிக்க நன்றி அண்ணா. சதுப்பைக் கைவிட்டேன். ஆனால் லீவை மாற்ற முடியாது, ஆகஸ்ட்தான். முழுக்க மழையாகவா இருக்கும்?

ஊவாக்காரி:

மழை மலைக்கு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது, தம்பி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நனையும். மலையைத் தாண்டி எங்கள் ஊவாவுக்கு வரும்போது அதில் மழை இருக்காது, வெறும் காய்ந்த காற்று. ஆகஸ்டில் அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் பாதை தூசி பறக்கும். டிசம்பரில் இருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, அப்போது நாங்கள் நனைவோம். ஆகவே தங்குவதை அப்புத்தளைக்கு மாற்றுங்கள். நுவரெலியாவை மார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தம்பேத்தன்ன தொழிற்சாலையில் இருந்து லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக் காட்சியிடத்துக்கு ஏறுங்கள். 1890 இல் கட்டின தொழிற்சாலை, அங்கிருந்து 7 கிலோமீற்றர் தேயிலைக்குள்ளேயே ஏற்றம். விடியவே போனால்தான் தூரம் தெரியும், பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் முகில் மூடிவிடும். காடு வேண்டும் என்றால் ஒஹியாவில் இருந்து உடவேரிய தோட்டம் வழியாகக் கலுபஹனவுக்கு இறங்கும் பழைய பாதை. பிசாசுப் படிக்கட்டு என்பார்கள். முடிகிற இடத்துக்குக் கிட்ட பம்பரகந்த நீர்வீழ்ச்சி, 263 மீற்றர், நாட்டிலேயே உயரமானது.

அட்டையைவிட நீங்கள் பயப்பட வேண்டியது குளவிக்கு. தோட்டங்களில் கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள். பெரிய மரத்துக் கிளையிலும் பாறை இடுக்கிலும் கூடு தொங்கும். அந்த இடத்தில் சத்தம் போடாதீர்கள், கடும் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். கலைந்துவிட்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். பக்கத்தில் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, இருந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள்.

கோச்சி: 2025 நவம்பரில் டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் கேளுங்கள். சைக்கிளைப் பொதிப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும், எல்லா ரயிலிலும் அந்த வசதி இல்லை. தோட்டப் பாதைகளிலும் மண் சரிந்த இடங்கள் இருக்கின்றன. போனில் வரைபடம் காட்டுகிற பாதையை நம்பாமல் அந்தந்தத் தோட்டத்து ஆட்களைக் கேட்டுப் போங்கள்.

லிந்துலைக்காரன்:

தங்கச்சி சொல்வது சரி, ஆகஸ்டுக்கு ஊவாதான். ஆனால் பிசாசுப் படிக்கட்டை முதல் பயணத்திலேயே கொடுக்க வேண்டாம். குளக்கட்டில் ஓட்டிய ஆள். அவ்வளவு நீளமான இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் கொதித்து லிவர் தொய்ந்து போகும். விட்டு விட்டு அழுத்திப் பழகின கைக்குத்தான் அது.

ஊவாக்காரி:

சரி அண்ணே, கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும். லிப்டன் சீட்டில் இருந்து இறங்கும்போது கை எப்படி என்று தெரிந்துவிடும். கஷ்டமான வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

குளக்கட்டு ரைடர்:

சரி, அப்புத்தளையில் அறை பார்க்கிறேன். பிரேக் பேட் மாற்ற வேண்டுமா? இப்போது இருப்பது ரெசின் பேட், பாதி தேய்ந்திருக்கிறது.

லிந்துலைக்காரன்:

மாற்றுங்கள். ரெசின் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் ஈர மணலில் சீக்கிரம் கரையும், சூட்டையும் அவ்வளவாகத் தாங்காது. உலோகத்தூள் பேட் போடுங்கள், கொஞ்சம் கத்தும், பரவாயில்லை. போடும் முன் உங்கள் டிஸ்க்கில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் ரெசினிலேயே புதுச் சோடி போடுங்கள். எதுவானாலும் கொழும்பிலேயே வாங்குங்கள், இன்னொரு சோடி பையிலும் இருக்கட்டும். இங்கே கடையில் கேட்டால் மோட்டார் சைக்கிள் பேட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.