வல்லாரையும் நீர்ப்பிரமியும் ஒன்றாம்!

முள்ளியவளை வாத்தியார்: நேற்று பரியாரி பேரன் ஒரு பதிவு போட்டிருந்தார். "வல்லாரைதான் பிரமி. அதிலுள்ள அன்டிஒக்சிடன்ட் மூளையின் துருவைக் கழுவும். ஒரு மண்டலம் சாறு குடித்தால் வயதுபோனவர்களின் மறதி போய்விடும். ஆய்வே வந்துவிட்டது." துருவைக் கழுவ மூளை என்ன பழைய மண்வெட்டியா? சரி, அதை விடுவோம். வல்லாரை பிரமி இல்லை. முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் சொல்கிறேன். வல்லாரை கொத்தமல்லி, கரட்டின் குடும்பம். நீளக் காம்பு, வட்ட இலை, விளிம்பு வெட்டு வெட்டாக இருக்கும். பிரமி என்பது நீர்ப்பிரமி. அது வேறு குடும்பம்; இலை சின்னன், தடிப்பு, கரண்டி மாதிரி. சிங்களத்தில்கூட ஒன்று கொட்டுகொல, மற்றது லுணுவில.

பரியாரி பேரன்: வணக்கம் சேர். ஒட்டுசுட்டானில் என் அப்பப்பா வல்லாரையைத்தான் பிரமி என்று சொல்லி அரைத்தார். வட இந்தியாவிலும் பல இடங்களில் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் உங்கள் வகுப்பில் பெயிலா?

குளக்கட்டு: அன்டிஒக்சிடன்ட் என்றால் என்னவென்று யாராவது சொல்லிவிட்டுச் சண்டை பிடிக்கலாமே?

முள்ளியவளை வாத்தியார்: பெயரை மாற்றிக் கூப்பிட்டால் செடி மாறுமா? பேரன் தூக்கிப்பிடிக்கும் ஆய்வு 2008 இல் அமெரிக்காவில் வந்தது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 54 பேர், மறதி நோய் இல்லாதவர்கள். நாளுக்கு 300 மில்லிகிராம் சாரம், 12 வாரம். கேட்ட சொற்களைச் சற்று நேரம் கழித்து ஞாபகப்படுத்துவதில் கொஞ்சம் முன்னேற்றம். 54 பேர்! எங்கள் ஊர்ச் செத்தவீட்டுக்கு இதைவிடக் கூட ஆட்கள் வரும். அப்புறம், கொடுத்தது நீர்ப்பிரமி. வல்லாரை இல்லை.

டொரொன்டோ தம்பி: அம்மாவுக்கு நான் மாதம் ஒரு போத்தல் ஜின்கோ, அந்த மரத்து இலைச் சாரக் குளிசை, அனுப்புகிறேன். இங்கே எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் இன்னும் வாய்க்காலில் இலை பொறுக்குகிறீர்கள்.

முள்ளியவளை வாத்தியார்: ஜின்கோவையும் சோதித்துவிட்டார்கள் தம்பி. அதே 2008, பெரும்பாலும் 75 தாண்டிய 3,069 பேர், 120 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு தடவை, ஏறக்குறைய 6 வருடம். மறதி நோய் வருவது குறையவில்லை. அந்தக் காசை அம்மாவுக்கு அனுப்பு.

டொரொன்டோ தம்பி: என் காசு பற்றி நீங்கள் கதைக்க வேண்டாம். கோயில் மதில் கட்ட அனுப்பியபோது மட்டும் இனித்ததோ?

பரியாரி பேரன்: மதில் கணக்கு இன்னும் வரவில்லை என்பதையும் சொல்லுங்கள். அது கிடக்கட்டும். மறதி நோய்க்கு ஆங்கில வைத்தியத்தில் கொடுக்கும் கலன்டமின் எங்கிருந்து வந்தது சேர்? பூச்செடியிலிருந்து!

முள்ளியவளை வாத்தியார்: ஆம், பனித்துளிப் பூச்செடியிலிருந்து. அது மூளையில் ஞாபகத்துக்கு உதவும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் உடைவதைக் குறைக்கிறது; துருக் கழுவவில்லை. நோயை மாற்றுவதும் இல்லை, கொஞ்சக் காலம் தாங்கிப் பிடிக்கும். அதுவும் வல்லாரை இல்லை.

விசுவமடு வாணி: உங்கள் சண்டைக்குள் ஒரு சொல். மாமி சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துவிட்டு, அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் தேடுவா. என்னிடம் நாலு தரம் கேட்பா. ஐந்தாவது தரம் "நீதான் எடுத்தாய்" என்பா. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள், விற்றமின் பி12 குறைவு. ஊசி போட்டபின் இப்போது பரவாயில்லை.

பரியாரி பேரன்: அக்கா, அந்த நாட்களில் வல்லாரைச் சம்பல் கொடுத்தீர்களா?

விசுவமடு வாணி: வாரத்தில் இரண்டு நாள் போடுவேன். தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கடைசியில் தேசிக்காய்ப் புளி.

பரியாரி பேரன்: பார்த்தீர்களா சேர்!

முள்ளியவளை வாத்தியார்: எதைப் பார்க்க? ஊசியையா, தேசிக்காயையா? அந்தச் சம்பலை நானும் தின்கிறேன், ருசிக்காக. பிரமி என்று நினைத்துத் தின்னவில்லை.

குளக்கட்டு: அன்டிஒக்சிடன்ட்?

முள்ளியவளை வாத்தியார்: ஒக்சிசனால் உடற்கலங்களுக்கு வரும் சேதத்தைக் குறைக்கும் பொருள், குளக்கட்டு.

பரியாரி பேரன்: 2003 இல் என் செயன்முறைக் கொப்பியைக் கிழித்தீர்களே, அதுவும் இலைப் படத்துக்காகத்தான். அப்பப்பாவின் ஏடுகள் இறுதிப் போரில் மாத்தளனில் போகாமல் இருந்திருந்தால் இன்று விரித்துக் காட்டியிருப்பேன்.

முள்ளியவளை வாத்தியார்: ஏடு போனது எனக்கும் வருத்தம்தான். என் புத்தகப் பெட்டியும் அங்கேதான் கிடந்தது. ஆனால் செடி போகவில்லை பேரன், வாய்க்காலில் நிற்கிறது. கொப்பியைக் கிழித்ததும் உண்மை. வல்லாரை இலைக்கு நடுவில் ஒரே நரம்பு கீறியிருந்தாய். அது காம்படியிலிருந்து விரல் விரித்த மாதிரிப் பல நரம்பு ஓடும் இலை. இருபது வருடமாகியும் அந்த இலையை நீ உற்றுப் பார்க்கவில்லை.

டொரொன்டோ தம்பி: மதில் கணக்கு?

முள்ளியவளை வாத்தியார்: விடிய இரண்டையும் பிடுங்கி வெள்ளைக் கடதாசியில் வைத்துப் படம் போடுகிறேன்.

பரியாரி பேரன்: கீழே பெயர் எழுதப் போவதும் நீங்கள்தானே?