"எனக்கு ஹிந்தி தெரியாது" என்ற சாட்சி: கூண்டில் நின்றவர்கள் எழுதுங்கள்

கரோல்பாக் பழசு:

'நோ ஒன் கில்டு ஜெசிகா' படத்தைப் போன வாரம் மறுபடியும் பார்த்தேன். 2011 ஜனவரியில் படம் வந்தபோது டெல்லியிலேயே பார்த்தவன் நான். அன்றைக்கு அரங்கமே சிரித்த ஓர் இடத்தில் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதைச் சொல்லத்தான் இதைத் தொடங்குகிறேன். ராணி முகர்ஜி நன்றாக நடித்தாரா, வித்யா பாலனா என்கிற பேச்சு இங்கே வேண்டாம். சாட்சி சொல்லப் போனவர்கள், போகாமல் தப்பித்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

தெரியாதவர்களுக்கு, படத்துக்கு அடிப்படையான நிஜ வழக்கு சுருக்கமாக. 1999 ஏப்ரல் 29, நள்ளிரவு தாண்டிவிட்டது. டெல்லி மெஹ்ரோலியில், குதுப் மினாருக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தில் பார்ட்டி. அங்கே மது பரிமாறிக்கொண்டிருந்த ஜெசிகா லால், பார் மூடியாயிற்று, இனி கிடையாது என்றார். அதற்குத் துப்பாக்கி. முதல் குண்டு கூரைக்கு, அடுத்தது அவர் தலைக்கு. சுட்டவர் மனு சர்மா, ஹரியானா அரசியல்வாதி வினோத் சர்மாவின் மகன். ஊரே பார்க்க நடந்த கொலை. ஆனால் 2006 பிப்ரவரி 21 அன்று விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் விட்டுவிட்டது. சாட்சிகள் முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லி வரிசையாகப் பிறழ்ந்திருந்தார்கள். துப்பாக்கி கடைசி வரை கிடைக்கவே இல்லை.

அந்தப் பிறழ் சாட்சிகளில் முக்கியமானவர், பாருக்கு அந்தப் பக்கம் ஜெசிகாவோடு நின்றவர். அவர் வாக்குமூலத்தை வைத்துத்தான் எஃப்.ஐ.ஆரே போட்டார்கள். நீதிமன்றத்தில் அவர் சொன்னது: நான் ஆங்கிலத்தில் சொன்னேன், போலீஸ் ஹிந்தியில் எழுதிக்கொண்டது, எனக்கு ஹிந்தி வாசிக்கத் தெரியாது, சுட்டது இரண்டு வெவ்வேறு ஆட்கள். அப்புறம் 2003-ல் அவரே ஒரு ஹிந்திப் படத்தில் நடித்தார் என்பது வேறு கதை. 2006-ல் ஒரு ரகசிய கேமரா அவர் ஹிந்தியில் பேசுவதைப் பிடித்தது. படத்தில் அந்தச் சாட்சி கூண்டில் ஏறி ஹிந்தி தெரியாது என்றதும் தியேட்டரே சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் கெட்ட வார்த்தையே சொன்னார்.

எனக்கு உண்மையிலேயே ஹிந்தி வாசிக்கத் தெரியாது.

1996-ல் கும்பகோணத்திலிருந்து மத்திய அரசு வேலைக்கு டெல்லி போனவன் நான். காய்கறி வாங்கவும் பஸ் நிறுத்தச் சொல்லவும் போதுமான ஹிந்தி இருந்தது. ஒரு டிசம்பர் இரவு, பனி இன்னும் இறங்கவில்லை, டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப் பக்கத்தில் வேகமாக வந்த கார் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைத் தூக்கி எறிந்தது. ஓட்டி வந்த பையன் இறங்கிப் பார்த்தான். முகத்தை நன்றாகப் பார்த்தேன். திரும்ப ஏறிப் போய்விட்டான். ரிக்‌ஷாக்காரர் பிழைக்கவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். நான் பாதி ஆங்கிலத்திலும் பாதி என் காய்கறி ஹிந்தியிலும் சொல்ல, அவர் எழுதினார். வாசித்தும் காட்டினார். மஜ்ரூப், தஃப்தீஷ் என்று என்னென்னவோ வந்தது. தலையாட்டினேன். கையெழுத்துப் போடச் சொன்னார்; பழக்கத்தில் தமிழில் போட்டேன். மனிதர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, படம் வரைந்திருக்கிறாயா என்று கேட்டார்.

இரண்டு வருடம் கழித்துச் சம்மன். அதற்குள் அந்தப் பையன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு முன்னாள் எம்.எல்.ஏ.வின் அக்கா மகன். சாட்சி சொல்ல இரண்டு வாரம் இருக்கும்போது, என் ஆபீசுக்கு ஒருவர் வந்தார். ஸ்வெட்டர், மூக்குக்கண்ணாடி, பார்க்க வாத்தியார் மாதிரி. டீ வாங்கிக் கொடுத்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது என் மகள் படிக்கும் பள்ளியின் பெயரைச் சொல்லி, நல்ல ஸ்கூல், ஆனால் கேட்டுக்கு வெளியே டிராஃபிக்தான் மோசம் என்றார்.

கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்து மூன்றாவது வரியை வாசிக்கச் சொன்னார். தெரியாது என்றேன். உன் வாக்குமூலத்தை நீயே வாசிக்க முடியாதா? முடியாது. தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாக எழுதியிருக்கிறதே, தெருவிளக்கு இருந்ததா? இல்லை, டீக்கடை பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். அப்படியானால் இதில் எழுதியிருப்பது தப்பு? தப்பு. இதுவரை சொன்னது அத்தனையும் சத்தியம். அடுத்து, காரில் இருந்தவரை அடையாளம் காட்ட முடியுமா என்றார்கள். பையன் பத்தடி தூரத்தில் நீலக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தான். சரியாக ஞாபகம் இல்லை என்றேன்.

அரசு வக்கீல் எழுந்து, சாட்சியைப் பிறழ் சாட்சியாக அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. தினமும் பார்ப்பதுதானே. சரி, உங்கள் கதைகள்?

மயூர் விஹார் மாமி:

எங்களுடையது கூண்டுக் கதை இல்லை, மெழுகுவத்திக் கதை. பரவாயில்லையா?

2006 மார்ச்சில் குர்கானில் ஒரு கால் சென்டரில் வேலை. தீர்ப்பு வந்த கோபத்தில் டிவிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினவர்களில் நானும் ஒருத்தி. இந்தியா கேட்டில் மெழுகுவத்தி ஏற்றக் கூட்டம் என்றதும் ஷிஃப்ட் முடிந்து நாலு பேர் போனோம். அந்த ஜனவரியில் வந்த 'ரங் தே பசந்தி'யில் அப்படி ஒரு காட்சி உண்டு. கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான், நானும் சேர்த்து. பொய் சொல்வானேன்.

அங்கே ஒரு சோலே குல்ச்சா வண்டிக்காரர், யார் செத்தது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். எப்போது என்றார். ஏழு வருஷம் ஆச்சு என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, அவங்க வீட்டிலே ரொம்பப் பெரிய மனுஷங்களா என்றார். இல்லை, தங்கை ஒருத்திதான் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவு கூட்டம் சும்மா வருமா?

பழசு அண்ணா, உங்கள் ரிக்‌ஷாக்காரருக்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றியிருக்க மாட்டார்கள். ஜெசிகாவுக்கு ஏற்றியது தப்பென்று சொல்லவில்லை, நானே ஏற்றியவள். ஆனால் படத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். ராணி முகர்ஜி செய்த டிவி நிருபர் கற்பனைப் பாத்திரம். அவர் வந்ததும் படம் சூடு பிடிக்கிறது. நிஜத்தில் ஜெசிகாவின் தங்கை சப்ரினா லால் அந்த ஏழு வருடமும் கேமரா இல்லாமல் வாய்தா வாய்தாவாக நடந்தவள். அவளாக நடித்த வித்யா பாலன் தோள் தொங்கி நடப்பதில் மட்டும்தான் அது கொஞ்சம் தெரிகிறது.

பார் கவுன்சில்:

நான் வக்கீல், டெல்லி மாவட்ட நீதிமன்றங்களில் இருபது வருடம். இங்கே இரண்டு பேருமே சட்டப் பக்கத்தைத் தொடாததால் கொஞ்சம் சொல்கிறேன்.

விசாரணையில் போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. போலீஸ் தன் இஷ்டத்துக்கு எழுதிவிடும் என்ற பயத்தில் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. எஃப்.ஐ.ஆருக்கு அடிப்படையான தகவலுக்கு மட்டும்தான் கையெழுத்து. ஜெசிகா வழக்குச் சாட்சியும் பழசு அண்ணாவும் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். அந்த மஜ்ரூப், தஃப்தீஷ் எல்லாம் ஹிந்திக்காரர்களுக்கே புரியாது. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றமே, எஃப்.ஐ.ஆரில் இந்தப் பாரசீகச் சொற்களை நிறுத்தி மக்கள் பேசும் மொழியில் எழுதுங்கள் என்று போலீஸிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்று. ஒருவர் பிறழ்ந்தால் அவர் சொன்னது அத்தனையும் குப்பைக்குப் போகாது. நம்பும்படியான பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். டெல்லி உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, பிறழாமல் நின்ற சிலரை வைத்து: இடத்தை நடத்திய பீனா ரமணி, அவர் கணவர், மகள், விருந்துக்கு வந்த இன்னொருவர். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மெழுகுவத்தியால் தண்டனை வந்தது என்று பேசுபவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

என் அனுபவம் என்றால், தினமும் பார்ப்பது வராண்டா. சாட்சிக்குத் தனி அறை கிடையாது. குற்றவாளித் தரப்பும் சாட்சியும் ஒரே பெஞ்சில், ஒரே டீக்கடையில். ஒருமுறை ஒரு கொலை வழக்கில் எங்கள் சாட்சி, ஒரு கிழவி, பசியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரித் தரப்புப் பையன் பிரெட் பக்கோடா வாங்கிக் கொடுத்தான். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். நாங்கள் யாரும் அதுவரை அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒன்றும் தெரியாது என்றாள். பக்கோடாவுக்காகத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுக்கச் சட்டம் மாதிரியே அமல்படுத்தச் சொன்னது. அதன்பின் சில கட்டடங்களில் தனி அறை வந்திருக்கிறது. வராண்டாவும் இருக்கிறது.

ஒரு ரசிகன்:

கரோல்பாக் அண்ணே, கோபிக்காதீங்க. மொழி, பெட்ரோமாக்ஸ், பாரசீகம் எல்லாம் சரி. நீங்க பயந்தீங்க. அதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

கரோல்பாக் பழசு:

ஆமாம் தம்பி, பயந்தேன். ஆனால் பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு கூண்டில் பொய் சொல்ல எனக்கு வந்திருக்காது. கால் நடுங்கி உண்மையைக் கக்கியிருப்பேன். ஹிந்தி வாசிக்கத் தெரியாது என்ற நிஜம் கையில் இருந்ததால்தான் அடுத்த பொய் சுலபமாக வந்தது. தியேட்டரில் எனக்குச் சிரிப்பு வராததும் அதனால்தான். அந்த ஆளுக்கு ஹிந்தி தெரியும், எனக்குத் தெரியாது. மற்றபடி இரண்டு பேரும் ஒரே படியில்தான் இறங்கினோம்.

மயூர் விஹார் மாமி:

சப்ரினா 2018-ல், மனு சர்மா விடுதலையானால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சிறைக்கு எழுதிக் கொடுத்தாள். 2020-ல் விட்டார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் அவளே காலமாகிவிட்டாள். எப்படி அவளால் மன்னிக்க முடிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அண்ணா, அந்த ரிக்‌ஷாக்காரர் வீட்டில் யாராவது கோர்ட்டுக்கு வந்தார்களா?

கரோல்பாக் பழசு:

தம்பி ஒருத்தர் வந்திருந்தார், பீஹாரிலிருந்து. நான் வெளியே வந்தபோது வராண்டாவில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். கையில் ஒரு காகிதத்தை நீட்டி, அடுத்த தேதி என்றைக்கு என்று எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் பாபுஜி என்றார். அதுவும் ஹிந்தியில்தான் இருந்தது.