தென்னாப்பிரிக்காவின் என்3 நெடுஞ்சாலையில் முழுச் சுமையோடு: டயரில் எவ்வளவு காற்று?

சாட்ஸ்வர்த் பயணி:
தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள் விடியற்காலையில், ஐந்து பேரும் பெட்டிகளுமாக டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவுக்குப் புறப்படுகிறோம். ஏறத்தாழ 570 கிலோமீட்டர் தூரத்தின் பெரும்பகுதியை, அனுமதிக்கப்பட்ட மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்திலேயே கடக்க எண்ணியிருக்கிறோம். கதவோரத்தில் ஒட்டியுள்ள தாளில், இருவர் மட்டும் சென்றால் காற்றழுத்தம் 2.1 பார் என்றும் முழுச் சுமைக்கு நான்கு சக்கரங்களுக்கும் 2.5 பார் என்றும் அச்சிட்டிருக்கிறது. காற்றடிக்கும் தம்பியோ, கோடைக்காலத்தில் ஓட ஓட அழுத்தம் ஏறிவிடும், 2 பார் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பழைய லாரி ஓட்டுநர்:
அந்தத் தம்பி சொல்வதில் தவறில்லை. நான் இந்தச் சாலையில் பல ஆண்டுகள் ஓட்டியவன். வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித்தில் நிறுத்தியதும் டயரைத் தொட்டுப் பார்ப்போம். கை சுட்டால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவோம். ஏறிய அழுத்தத்தை இறக்காவிட்டால் டயர் வெடிக்கும் என்பதுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

பீனிக்ஸ் டயர்க்கடை:
அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பழக்கத்தை மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். தாளில் உள்ள எண், குளிர்ந்த டயருக்கானது. அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டத்தில் 0.3 அல்லது 0.4 பார் ஏறுவது இயல்பே என்று கணக்கிட்டுத்தான் அந்த எண்ணை முடிவு செய்கிறார்கள். 2.2 பாரில் கிளம்பிய டயர் சூட்டில் 2.6 காட்டும்போது அதை மீண்டும் 2.2க்கு இறக்கினால், ஆறிய பிறகு அதில் 1.9கூட இருக்காது. மறுநாள் அதே வண்டியை நிறையச் சுமையோடு 120இல் ஓட்டுவீர்கள்.

காற்று குறைந்தால் என்ன நடக்கிறது? தரையில் அழுந்தித் தட்டையாகும் பகுதி, அடுத்த சுற்று வருவதற்குள் பழைய வட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அழுத்தமும் குறைந்து வேகமும் மிகுந்தால் திரும்பப் போதிய நேரம் கிடைப்பதில்லை. தரையை விட்டு எழும் பக்கத்தில் ரப்பர் அலை அலையாக நெளியும். கம்பியை ஓயாமல் வளைத்து நிமிர்த்தினால் சூடேறுவதைப் போல, டயரும் உள்ளுக்குள் வெந்து, மேற்பட்டை எஃகுப் பட்டையிலிருந்து பிரிந்து வருகிறது. வெடித்த டயர்களைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் பக்கச் சுவரின் உட்புறம் அரைபட்டுப் பொடியாகியிருக்கும். அது குறைந்த காற்றின் அடையாளம்.

பழைய லாரி ஓட்டுநர்:
தாளை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு நிறுவனமே 26 பி.எஸ்.ஐ., அதாவது 1.8 பார் என்றுதான் பரிந்துரைத்தது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்த வண்டிகளில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்கள் இலட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டது நினைவில்லையா?

பீனிக்ஸ் டயர்க்கடை:
நன்றாக நினைவிருக்கிறது. அந்த வழக்கில் டயர் நிறுவனம் கேட்டது 30 பி.எஸ்.ஐ.; ஃபோர்டு குற்றஞ்சாட்டியது டயரை. யார் பக்கம் நின்றாலும், காற்றை இன்னும் இறக்கியிருக்க வேண்டும் என்று ஒருவரும் வாதிடவில்லை. உங்கள் சான்று என் பக்கமே சாய்கிறது, அண்ணா.

வேகப் பிரியன்:
அப்படியென்றால் அதிகமாகவே அடித்துவிடலாமே. என் டயரின் பக்கச் சுவரில் 350 கிலோபாஸ்கல், அதாவது 3.5 பார் என்று பொறித்திருக்கிறது.

பீனிக்ஸ் டயர்க்கடை:
அது டயர் தாங்கும் மேல் எல்லை. உங்கள் வண்டிக்கான அளவு அன்று. அவ்வளவு அடித்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுத் தேயும், பிடிமானமும் குறையும். 160க்கு மேல் ஓட்டுவோருக்கு ஜெர்மானியக் கையேடுகளில் தனி எண் உண்டு. நம் சாலையில் அதற்கு வேலையில்லை.

மாரிட்ஸ்பர்க் இயற்பியல் ஆசிரியர்:
ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 0.18 பார் குறைவு. அழுத்தமானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே என்பதால், மேலே ஏறினால் எண் கூடும். ஆகவே மேலே போகும்போது கவலையில்லை. கவனம் வேண்டியது திரும்பும்போதுதான். லெனேசியாவில் 2.5 என்று சரியாக அடித்துக்கொண்டு வந்தால், அதே வெப்பநிலையில் டர்பனில் அது 2.3தான் காட்டும். ஜூலையில் மேட்டு நிலக் குளிரில் காற்றடித்து வெதுவெதுப்பான கடற்கரைக்கு இறங்கினால், பத்துப் பாகை வெப்பத்துக்கு 0.1 பார் வீதம் ஏறி, இந்த இழப்பு பெரும்பாலும் ஈடாகிவிடும். கோடையில் அந்த உதவி குறைவு.

பழைய லாரி ஓட்டுநர்:
உயரக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை ஹாரிஸ்மித்தில் காற்றை இறக்க வேண்டாம் என்றே சாட்ஸ்வர்த் பயணிக்குச் சொல்கிறேன். ஆனால் டயரைத் தொட்டுப் பார்ப்பதை விடமாட்டேன். நான்கில் ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால், அதில் எங்கோ காற்று கசியக்கூடும்.

பீனிக்ஸ் டயர்க்கடை:
அது முழுக்கச் சரி, அண்ணா.

சாட்ஸ்வர்த் பயணி:
போய்ச் சேர்ந்துவிட்டோம். வீட்டு வாசலிலேயே, குளிர்ந்த நிலையில் 2.5 பார் அடித்துக் கிளம்பினோம். வழியில் எதையும் இறக்கவில்லை. மறுநாள் காலை லெனேசியாவில், டர்பனைவிட எட்டுப் பாகை குறைந்த குளிரில், நான்கும் 2.6க்குச் சற்றுக் கீழே காட்டின. ஆசிரியர் ஐயா, திரும்பும் வழியில் மாரிட்ஸ்பர்க்கில் இரவு தங்குகிறோம்; விடிந்ததும் அங்கேயே மீண்டும் அளந்துகொள்கிறேன்.