மூன்று வயதில் அபாகஸ்: அரிசியில் எழுதியது யார் விரல்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நேற்று ‘வேலந்தாவளம் அம்மா’ இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, அபாகஸ் (மணிச்சட்டத்தில் கணக்கு), ஃபோனிக்ஸ் (ஒலியை வைத்து இங்கிலீஷ் எழுத்து) இரண்டு கிளாஸிலும் சேர்க்கப் போகிறேன் என்றார். அது அவர் வீட்டு விஷயம். ஆனால் அதற்குச் சொன்ன நியாயம்தான் பொறுக்கவில்லை. “மூன்று வயதில் பிள்ளையை எழுத்துக்கு இருத்துகிற ஊர் இது. விஜயதசமிக்கு நம் பாலக்காட்டுச் சித்தூர் குருமடத்தில் வரிசையில் நின்று எழுத வைக்கிறோம். அதே வயதில் கிளாஸுக்கு அனுப்பினால் மட்டும் தப்பா?” என்று கேட்டிருந்தார்.

தப்புதான். குருமடத்தில் பிள்ளை எழுதுவதில்லை. ஆசான் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘ஹரி ஸ்ரீ கணபதயே நமஹ’ என்று எழுதுகிறார். பிள்ளை அழுதாலும் சிரித்தாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் ஹோம்வொர்க் கிடையாது, லெவல் கிடையாது, மாதாமாதம் ஃபீஸ் கிடையாது.

இருபத்திரண்டு வருடமாக அங்கன்வாடியில் இருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை ஒன்றிலிருந்து பத்து வரை பாட்டு மாதிரி சொல்லும். “மூணு புளியங்கொட்டை எடுத்துக் கொடு கண்ணு” என்றால் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். அந்தப் பிள்ளையிடம் அபாகஸ் சட்டத்தைக் கொடுத்து, கீழே நான்கு மணி, மேலே ஒரு மணி, மேல் மணிக்கு மட்டும் ஐந்து மதிப்பு என்றால் அது என்ன செய்யும்? கடித்துப் பார்க்கும்.

வேலந்தாவளம் அம்மா:
என் பெயரைப் போட்டே ஆரம்பித்துவிட்டீர்கள், ரொம்ப நன்றி டீச்சர். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் அள்ளிக் கொடுக்கலாம். என் மகள் மூன்றை எண்ணிக் கொடுப்பாள். மூன்று வயதுக்குள் மூளை பெரியவர்கள் அளவில் எண்பது சதவீதம் வளர்ந்துவிடுகிறது என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். அந்த நேரத்தை வீணாக்கச் சொல்கிறீர்களா? எழுத்துக்கு இருத்துகிற இந்த எழுத்தினிருத்து வெறும் சடங்கு என்றால் அதை நான்கு வயதில் செய்யலாமே, ஐந்தில் செய்யலாமே. நம் பெரியவர்கள் ஏன் மூன்றில் வைத்தார்கள்? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பதில் சொல்லிவிட்டேன் அம்மணி. விரலைப் பிடித்தது யார் என்று கேட்டேன். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவில்லை.

மூளை வளர்கிறது, உண்மைதான். அது வளர்வது அளவில். அளவு வளர்ந்துவிட்டால் கணக்கு ஏறிவிடுமா? மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. மூன்று வயதில் மூன்றோ நான்கோதான் தெரியும். எட்டும் தெரிய எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் ஆகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோடு நோட்டில் எழுது என்கிறார்கள். ஆசானுக்கு எக்ஸ்ரே தெரியாது. ஆனாலும் விரல்தான் பிடித்தார், எழுத்தாணியைக் கொடுக்கவில்லை.

வேலந்தாவளம் அம்மா:
அபாகஸில் பென்சில் எங்கே வருகிறது? மணியைத் தள்ளத்தான் வேண்டும். நான் அபாகஸ் பற்றிப் பேசினால் நீங்கள் எலும்பை எண்ணுகிறீர்கள். அப்புறம், என்னை அம்மணி என்று கூப்பிட வேண்டாம். கோயம்புத்தூரில் ஒரு குழுவையே நடத்துகிறேன். அம்மணி, கண்ணு என்று தடவிக் கொடுத்து மட்டம் தட்டுகிற பேச்சு எனக்குப் புதிதல்ல.

குருமடம் தாத்தா:
அம்மணி என்பது இந்தப் பக்கத்தில் மரியாதையான சொல் அம்மா. என் மருமகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அது கிடக்கட்டும்.

டீச்சர் குருமடத்தை இரண்டு நிமிட வேலை என்று எழுதியது எனக்கு வருத்தம். தெக்கே கிராமத்தில், சோகநாசினிக் கரையில், மலையாள மொழியின் தந்தை என்கிற துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்த இடம் என்று தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிற மடம் அது. அங்கே மூன்று வயதில் உட்கார்ந்த பிள்ளைகள்தான் பிறகு ஆசானிடம் மணலில் எழுதிப் படித்தார்கள். கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதர் 1896-ல் நம் பாலக்காட்டுச் சீமையில் பிறந்தவர். பால் மணம் மாறாத வயதிலேயே அப்பாவிடம் பாட்டு கற்றுக்கொண்டவர். சின்ன வயதில் ஆரம்பிக்காமல் யார் பெரிய ஆள் ஆனார்கள்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
ஐயா, நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்பாவிடம் என்று. அது வீடு. காலையில் எழுந்தால் பாட்டு, தூங்கும்போதும் பாட்டு. பிடிக்காவிட்டால் பிள்ளை முற்றத்துக்கு ஓடிவிடலாம். அதையும், ஏசி அறையில் கதவைச் சாத்தி முக்கால் மணி நேரம் உட்கார வைப்பதையும் ஒன்றாக்காதீர்கள். மடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் எழுத்துக்கு இருந்தார்கள். மூத்தவன் அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான், ஆசான் சிரித்தார். அதனால்தான் சொல்கிறேன், விரல் பிள்ளையுடையது, எழுத்து ஆசானுடையது.

பொள்ளாச்சி ரோடு:
நாங்கள் வயிற்றில் இருக்கும்போதே மொசார்ட் இசை போட்டோம். இரண்டரை வயதில் ஃபோனிக்ஸ். இப்போது ஒன்றாம் வகுப்பில் முதல் ரேங்க். கண் முன்னால் இருக்கிற சாட்சியை விட்டுவிட்டு அரிசியைப் பிடித்துத் தொங்குகிறீர்களே.

மூலத்தறைக்காரன்:
மொசார்ட் இசை கேட்டால் மூளை கூர்மையாகும் என்கிற விஷயம் எனக்குத் தெரியும். 1993-ல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. சோதனை நடத்தியது 36 கல்லூரி மாணவர்களை வைத்து. கைக்குழந்தை ஒன்றுகூட இல்லை. வந்த பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. அதை வைத்து உலகம் முழுக்க கேசட்டும் சிடியும் விற்றுத் தீர்த்தார்கள். நீங்களும் வாங்கியிருக்கிறீர்கள்.

பொள்ளாச்சி ரோடு:
வந்துவிட்டார். ஆழியாறு தண்ணீர் விவாதத்தில் தோற்ற ஆத்திரம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

மூலத்தறைக்காரன்:
யார் தோற்றது? தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் கேரளப் பக்கம் இருக்கிற எங்களுக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும். அதைக் கேட்டதற்கு ‘மழை இல்லை’ என்று சொல்லிவிட்டு ஓடியது நீங்கள். என் தென்னை காய்ந்தது எனக்குத்தான் தெரியும்.

பொள்ளாச்சி ரோடு:
எங்கள் பக்கமும் தென்னைதான் காய்ந்தது. மழை உங்கள் வயலுக்கு மட்டும் பெய்யாமல் போகவில்லை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
தண்ணீரை வேறு இடத்தில் பேசுங்கள். இங்கே பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டு பேரும் விரல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

கஞ்சிக்கோடு ஷிஃப்ட்:
இங்கே எல்லோரும் கிளாஸ் கிளாஸ் என்கிறீர்கள். எதைச் சொல்கிறீர்கள்? ப்ளே ஸ்கூலா, டியூஷனா, டான்ஸா, அபாகஸா? அதை முதலில் தெளிவாகச் சொன்னால் நல்லது.

என் நிலைமையைச் சொல்கிறேன். நான் கம்பெனியில் ஷிஃப்ட், மனைவி ஆஸ்பத்திரியில் வேலை. அங்கன்வாடி மூன்றரைக்கு முடிந்துவிடும். மனைவி வர ஆறரை ஆகும். நடுவில் பிள்ளை எங்கே போவாள்? பாட்டி இல்லை, பக்கத்து வீட்டில் பூட்டு. அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் டிராயிங் கிளாஸில் சேர்த்தேன். அவள் ஓவியர் ஆக வேண்டாம், பத்திரமாக இருந்தால் போதும். இதையும் தப்பு என்பீர்களா டீச்சர்?

வேலந்தாவளம் அம்மா:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வேலைக்குப் போகிற வீட்டின் கஷ்டம் அங்கன்வாடிக்குத் தெரியாது. அமிர்தம் பொடி என்கிற சத்துமாவு பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினால் கடமை முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அமிர்தம் பொடியைக் கேவலமாகப் பேசாதீர்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைக்கும் அதைக் காய்ச்சிக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் இந்தத் தாலுகா முழுக்க இருக்கிறார்கள். குடும்பஸ்ரீ சுய உதவிக் குழுப் பெண்கள் வறுத்து அரைத்துத் தருவது. அங்கன்வாடி 1975-ல் தொடங்கிய திட்டம். சோறு, தடுப்பூசி, எடை, பாட்டு, கதை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே நடக்கிறது. எங்கள் சம்பளம் என்னவென்று தெரிந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்.

கஞ்சிக்கோடு தம்பி, உங்களை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அது வேறு. அங்கன்வாடியை ஆறு மணி வரை திறந்து வை என்று சேர்ந்து கேட்போம், நான் முதல் ஆளாக வருகிறேன். நான் கேட்பது எழுத்தினிருத்தைச் சாட்சிக்கு இழுத்தது சரியா என்றுதான்.

வேலந்தாவளம் அம்மா:
திரும்பவும் அதே இடம். சரி, உங்கள் விரலுக்கே வருகிறேன். இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைத் தாங்களே விரலால் தடவிப் படிக்கின்றன. ஆசான் பிடிக்கவில்லை, யாரும் பிடிக்கவில்லை. பிள்ளையின் சொந்த விரல். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நல்ல உதாரணம். அது என் பக்கம்தான் பேசுகிறது. அங்கே பிள்ளை தானாகப் போய் அந்த அட்டையை எடுக்கும், போதும் என்றால் திரும்ப வைத்துவிடும். மணி அடித்து எல்லோரும் ஒரே அட்டையைத் தடவுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் சேர்க்கப் போகிற இடத்தில் உங்கள் மகள் போதும் என்றால் எழுந்து போக விடுவார்களா? கேட்டுப் பாருங்கள்.

பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்தில் ஒரு மையம். என் தங்கை மகனை மூன்றரை வயதில் சேர்த்தாள். வருட ஃபீஸை முன்னாலேயே வாங்கிவிட்டார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து வேனைப் பார்த்தாலே நிக்கரை நனைத்துவிடுவான். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு “பழகிவிடுவான்” என்றார்கள். பழகவே இல்லை. ஆறு மாதம் எங்கள் வீட்டில் அந்த வேன் ஹாரனைப் போல் யாரும் வாயால்கூடச் சத்தம் போட்டதில்லை. இதை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

வேலந்தாவளம் அம்மா:
உங்கள் தங்கை மகனுக்கு நடந்ததற்கு வருத்தம்தான். அதற்காக ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலேயே கிடக்க வேண்டுமா? நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போய் முதல் வருடம் வாயைத் திறக்கவே பயந்தேன். கேரளாவில் மலையாளம் வரவில்லை என்று சிரித்தார்கள், அங்கே இங்கிலீஷ் வரவில்லை என்று சிரித்தார்கள். என் மகள் அப்படி நிற்கக் கூடாது. அதற்குத்தான் ஃபோனிக்ஸ். இது உங்களுக்குப் பெருமைக்காகச் செய்வதாகத் தெரிந்தால் தெரியட்டும்.

குருமடம் தாத்தா:
நம் மொழியை முதலில் திருத்தமாகப் பேசட்டும் அம்மா. என் பேரன் ஏ ஃபார் ஆப்பிள் என்கிறான், வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிறான்.

மூலத்தறைக்காரன்:
மூன்று வயதில் ழ வராதது இயல்புதான் ஐயா. என் மகனுக்கு ஐந்து வயதில்தான் வந்தது. அதற்கும் ஒரு கிளாஸ் ஆரம்பித்துவிடப் போகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். இந்தக் கிளாஸ்களில் உயிருக்கு உதவுவது நீச்சல் ஒன்றுதான். நம் ஊரில் வாய்க்கால் ஓடாத தெரு ஏது, கிணறு இல்லாத தோட்டம் ஏது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2019-ல் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி தொடங்கலாம், மூழ்கும் ஆபத்து குறையும் என்று சொல்லியிருக்கிறது. அதற்கு அனுப்ப ஒருத்தரும் இல்லை. அபாகஸுக்கு மட்டும் வரிசை.

பொள்ளாச்சி ரோடு:
வாய்க்காலில் தண்ணீரே வரவில்லை என்று இப்போதுதானே அழுதீர்கள்? அப்புறம் எதில் மூழ்குவது?

மூலத்தறைக்காரன்:
பிள்ளைகள் உயிரைப் பற்றி எழுதினால் அதிலும் பழைய பகையா? உங்களோடு இனிமேல் பேசுவதாக இல்லை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நீச்சலைப் பற்றி மூலத்தறை அண்ணா சொன்னது சரி. ஆனால் அதிலும் பாருங்கள், முதலில் பிள்ளையைக் கையில் தாங்கிப் பிடிப்பது பெரியவர்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 180 நிமிடம் ஓட்டம் ஆட்டம் வேண்டும், 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020-ல் மூன்றிலிருந்து எட்டு வயது வரை ஒரே கட்டமாக வைத்து விளையாட்டு வழியில் கற்றுக்கொடு என்கிறது. மத்திய அரசின் பாடத்திட்ட அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் 2019 பாடத்திட்டம் ஒன்றாம் வகுப்புக்கு முந்தின பிள்ளைக்குத் தேர்வே வைக்காதே, வாயாலும் கேட்காதே என்கிறது. இவ்வளவு பேர் சொல்வதைத்தான் அரிசித் தட்டின் முன்னால் உட்கார்ந்த ஆசானும் செய்தார். விரலைப் பிடித்தார், விட்டார்.

வேலந்தாவளம் அம்மா:
180 நிமிடம் ஓடிய பிறகும் அரை மணி நேரம் மிச்சம் இருக்கும் டீச்சர். அந்த அரை மணி நேரம்தான் நான் கேட்பது. எத்தனை அரசு ஆவணம் எடுத்துப் போட்டாலும், மூன்று வயதில் ஏன் என்ற என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

குருமடம் தாத்தா:
வரும் விஜயதசமிக்கு என் சின்னப் பேத்தியைக் குருமடத்தில் எழுத்துக்கு இருத்துகிறேன். இரண்டு பேரும் வாருங்கள். நேரில் பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
கண்டிப்பாக வருகிறேன் ஐயா. தட்டுக்குப் பக்கத்திலேயே உட்காருவேன். ஆசான் கையை எடுத்துவிட்டால் உங்கள் பேத்தி அரிசியில் என்ன எழுதுகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

வேலந்தாவளம் அம்மா:
நானும் வருவேன். நாளை நான்கு மணிக்கு டெமோ கிளாஸ். அதற்கும் போவோம்.